வேன், போன் கார்டு, 2,600 கிலோமீட்டர் காதல்... 'தி கெட் அப் கிட்ஸ்' ஆல்பம் சொல்லும் பிரிவின் கதை!

ராத்திரி மணி 10. லாஸ் ஏஞ்சலஸில் நாள் முழுக்கப் பாடி முடித்துவிட்டு ஸ்டூடியோவுக்கு வெளியே வருகிறான் ஒரு பையன். காதலியிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. ஆனால், அவள் இருக்கும் கேன்சஸ் சிட்டியில் அப்போது நள்ளிரவு 12. இந்த நேரத்தில் அடித்தால் போனை எடுப்பது அவளாக இருக்குமா, அவளுடைய அப்பாவாக இருக்குமா? போன் கார்டில் இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்று யோசிக்கிறான். ரிசீவரைத் திரும்ப மாட்டிவிட்டு நடக்கிறான்.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆனால், 1999-ல் காதலித்துக்கொண்டே வெளியூர் போனவர்களுக்கு இது ரொம்பவே பழகிய காட்சி. அப்போது வாட்ஸ்அப் கிடையாது. வீடியோ கால் கிடையாது. 'லாஸ்ட் சீன்' பார்த்து சண்டை போடக்கூட வழியில்லை. வெளியூருக்கு போன் செய்தால் நிமிடக் கணக்கில் காசு.

அந்தக் காலத்தில், அந்தத் தூரத்தைப் பற்றியே பாடி ஒரு ஆல்பம் வந்தது. பெயர், 'சம்திங் டு ரைட் ஹோம் அபவுட்'. பாடியவர்கள், அமெரிக்காவின் 'தி கெட் அப் கிட்ஸ்' குழுவினர். 'வீட்டுக்குக் கடிதம் போட்டுச் சொல்லும் அளவுக்கு ஒரு விஷயம்' என்பது அந்தத் தலைப்பின் அர்த்தம். ஆங்கிலத்தில் இதை எதிர்மறையாகச் சொல்வதுதான் வழக்கம். 'படம் எப்படி?' என்று கேட்டால், 'வீட்டுக்கு எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை' என்பார்கள். அதாவது, சுமார்தான்! இவர்கள் அதைத் திருப்பிப் போட்டு, வீட்டைப் பிரிந்து வந்தவர்களின் ஆல்பத்துக்கே பெயராக வைத்துவிட்டார்கள்.

25 வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. இன்றைக்கும் எமோ, பாப்-பங்க் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஆல்பத்தைத் தவிர்த்துவிட்டுப் பேச முடிவதில்லை. அப்படி என்ன இருக்கிறது இதில்?

யார் இந்தப் பசங்க?

அமெரிக்க வரைபடத்தின் ஏறக்குறைய நடுவில் இருக்கும் ஊர் கேன்சஸ் சிட்டி. நியூயார்க்கும் பக்கத்தில் இல்லை, லாஸ் ஏஞ்சலஸும் பக்கத்தில் இல்லை. இசையில் பெயர் வாங்க வேண்டுமென்றால் வண்டியெடுத்துக் கிளம்பியாக வேண்டும். அங்கேதான் 1995-ல் 'தி கெட் அப் கிட்ஸ்' உருவானது. மேட் பிரையர் கிடார் வாசித்துப் பாடுவார். இன்னொரு கிடாரும் அவ்வப்போது பாட்டும் ஜிம் சப்டிக். ராப் போப் பேஸ் கிடார், அவருடைய தம்பி ரயன் போப் டிரம்ஸ். இரண்டாவது ஆல்பத்துக்கு முன்பாக ஜேம்ஸ் டியூவீஸ் கீபோர்டுடன் வந்து சேர, ஐந்து பேரானார்கள்.

இவர்களின் முதல் ஆல்பம் 'ஃபோர் மினிட் மைல்' 1997-ல் வந்தது. அது பதிவான கதை சுவாரஸ்யமானது. ரயன் போப் அப்போது பள்ளியில் கடைசி வருடம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரை அழைத்துக்கொண்டு சிகாகோவுக்கு வண்டியை விட்டார்கள். சுமார் 800 கிலோமீட்டர். அந்த வார இறுதியிலேயே மொத்த ஆல்பத்தையும் பதிவு செய்து முடித்தார்கள். 'நல்லா வந்திருக்கா, இன்னொரு டேக் போகலாமா?' என்று கேட்கவெல்லாம் பெரிதாக நேரமில்லை. அந்த அவசரம் ஆல்பத்திலும் கேட்கும்.

இரண்டு வருடம் கழித்து வந்த 'சம்திங் டு ரைட் ஹோம் அபவுட்' ஆல்பத்தில் அவசரம் இல்லை. ஆனால் வேகம் இருக்கிறது.

எமோ என்றால் நெற்றியில் விழும் முடியா?

எமோ என்றதும் ஒரு கண்ணை மறைக்கும் முடி, கறுப்பு டிரெஸ், கண்மை போட்ட பையன்கள்தான் பலருக்கு ஞாபகம் வரும். அது 2000-களின் நடுவில் வந்த ஸ்டைல். இசை அதைவிட மூத்தது.

1980-களின் நடுவில் வாஷிங்டன் டி.சி-யில் ஹார்ட்கோர் பங்க் பிரபலமாக இருந்தது. கோபம், அரசியல், அசுர வேகம். அதே சத்தத்தோடு, ஆனால் தங்கள் சொந்த வலியை, குற்ற உணர்ச்சியைப் பாட ஆரம்பித்தன 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' போன்ற குழுக்கள். 'எமோஷனல் ஹார்ட்கோர்' என்று யாரோ பெயர் வைக்க, அது சுருங்கி 'எமோ' ஆனது. அந்தப் பெயர் ஒட்டப்பட்ட பலருக்கு அது பிடிக்கவே இல்லை என்பது தனிக்கதை.

1990-களில் இந்த இசை அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு, கல்லூரி ஊர்களுக்கு நகர்ந்தது. இன்னொரு பக்கம் 'கிரீன் டே', 'பிளிங்க் 182' போன்ற குழுக்கள் பாப்-பங்கைப் பெரிய வெற்றியாக்கின. எளிமையான கிடார் கார்டுகள், வேகமான டிரம்ஸ், ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்க வைக்கும் மெட்டு. இதுதான் பாப்-பங்க்.

எமோவின் மனசு, பாப்-பங்கின் மெட்டு. இரண்டையும் ஒரே ஆல்பத்துக்குள் கச்சிதமாகப் பொருத்தியதுதான் 'தி கெட் அப் கிட்ஸ்' செய்த காரியம். அழ வேண்டிய விஷயத்தைக் குதித்துக்கொண்டே பாடலாம் என்று காட்டினார்கள்.

அடமானம் போன வீடு

முதல் ஆல்பம் கவனம் பெற்றதும் பெரிய ரெக்கார்ட் கம்பெனிகளின் பார்வை இவர்கள் பக்கம் திரும்பியது. பேச்சுவார்த்தைகள் இழுத்துக்கொண்டே போயின. நிபந்தனைகள் ஒத்துவரவில்லை. கடைசியில் இவர்கள் கைகோத்தது, லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த 'வேக்ரன்ட் ரெக்கார்ட்ஸ்' என்ற சின்னக் கம்பெனியுடன்.

சின்னக் கம்பெனி என்றால் எவ்வளவு சின்னது? ஆல்பம் தயாரிக்கும் செலவுக்காக, கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருவர் தன் பெற்றோரிடம் கடன் கேட்டார். அவர்கள் தங்கள் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார்கள். வீட்டை விட்டு விலகி இருப்பதைப் பற்றிய ஒரு ஆல்பம் வெளிவர, யாரோ ஒரு அப்பா அம்மாவின் வீடு அடமானம் போயிருக்கிறது!

1999 கோடையில் லாஸ் ஏஞ்சலஸின் 'மேட் ஹேட்டர்' ஸ்டூடியோவில் பாடல்கள் பதிவாயின. சொந்த ஊரிலிருந்து சாலை வழியாகக் கணக்கிட்டால் சுமார் 2,600 கிலோமீட்டர் தூரம். அதே ஆண்டு செப்டம்பரில் ஆல்பம் வெளியானது. அட்டையில் இசைக்குழுவின் போட்டோ இல்லை. ஓவியர் டிராவிஸ் மில்லார்ட் வரைந்த இரண்டு ரோபோக்கள் மட்டும் இருந்தன.

பாட்டுக்குள் இருக்கும் தூரம்

மொத்தம் 12 பாடல்கள். சுமார் முக்கால் மணி நேரம். தலைப்புகளை மட்டும் படித்தாலே கதை புரிந்துவிடும். 'ஹாலிடே' என்றால் விடுமுறை. 'அவுட் ஆஃப் ரீச்' என்றால் கைக்கெட்டாத தூரம். 'லாங் குட்நைட்', நீண்டுகொண்டே போகும் ஒரு குட்நைட். 'குளோஸ் டு ஹோம்', வீட்டுக்கு அருகில்.

நம் சினிமாக் காதலில் வில்லன் யார் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அப்பா, அண்ணன், சாதி, பணம் என்று யாராவது அல்லது ஏதாவது குறுக்கே நிற்கும். இந்த ஆல்பத்தில் அப்படி யாரும் இல்லை. காதலர்களை யாரும் பிரிக்கவில்லை. அவனாகத்தான் வண்டியேறிப் போகிறான். போகவும் ஆசை. இருக்கவும் ஆசை. அந்த இழுபறிதான் 12 பாட்டும்.

அதனால்தான் இது வெறும் பிரிவுச் சோகமாக நின்றுவிடவில்லை. 'நீ என்னைப் புரிஞ்சுக்கலை' என்று கோபப்படும் அதே குரல், அடுத்த பாட்டில் 'தப்பு என்மேலயும் இருக்கோ' என்று சந்தேகப்படுகிறது. 'மை அப்பாலஜி' என்று மன்னிப்புக்கே ஒரு பாட்டு இருக்கிறது. எல்லோருக்கும் 20 வயதில் இப்படித்தானே இருந்திருக்கும்? ஒரே நாளில் நாமே நியாயவாதி, நாமே குற்றவாளி.

இசையிலும் அந்தத் தூரத்தைக் கேட்கலாம். முதல் பாடல் 'ஹாலிடே' எடுத்த எடுப்பிலேயே இரண்டு கிடார்களும் டிரம்ஸும் சேர்ந்து மோதுகிற மாதிரி ஆரம்பிக்கும். 'ஆக்‌ஷன் அண்ட் ஆக்‌ஷன்' பாட்டில் டியூவீஸின் கீபோர்டு தனியாகத் தெரியும். பங்க் இசையில் கீபோர்டா என்று முகம் சுளித்தவர்களையும் தலையாட்ட வைத்த பாட்டு அது. ஐந்தாவதாக வரும் 'அவுட் ஆஃப் ரீச்' பாட்டில் சத்தமெல்லாம் அடங்கிவிடும். பகலெல்லாம் நண்பர்களோடு கத்திக்கொண்டிருந்துவிட்டு, வேனின் கடைசி சீட்டில் தனியாகச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடுத்த பாட்டு 'டென் மினிட்ஸ்' வந்ததும் திரும்பவும் அதே வேகம்.

பிரையரின் குரல் பயிற்சி பெற்ற குரல் போல இருக்காது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கு. உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது உடைவது போலிருக்கும். அதுதான் இந்தப் பாடல்களுக்குப் பொருத்தம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அழுகையை அடக்குபவரின் குரல் அப்படித்தானே வரும்?

கடைசிப் பாடல் 'ஐல் கேட்ச் யூ', மொத்த ஆல்பமும் போய்ச் சேர்கிற இடம். பியானோவோடு மெதுவாகத் தொடங்கி, கடைசியில் மொத்தக் குழுவும் சேர்ந்துகொள்ளும். 11 பாடல்களில் சண்டை, சந்தேகம், மன்னிப்பு எல்லாம் முடிந்த பிறகு, 'நீ விழுந்தா நான் இருக்கேன்' என்கிற மாதிரி ஒரு வாக்குறுதி. பக்கத்தில் இல்லாதவன் எப்படித் தாங்கிப் பிடிப்பான் என்று கேட்டால் பதில் இல்லை. அவனுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறான். அந்த இடத்தில்தான் பலர் உடைந்துபோகிறார்கள்.

போனவன் பாட்டு இது... இருந்தவள் பாட்டு எங்கே?

இந்த ஆல்பத்தைப் பிடித்தவர்களும் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. 12 பாடல்களிலும் பேசுவது ஊரை விட்டுப் போனவன்தான். ஊரில் இருந்தவள் என்ன நினைத்தாள்? அவளுக்கும் ஒரு வேலையோ, படிப்போ, கனவோ இருந்திருக்கும். அவளும் எங்கேயாவது போக ஆசைப்பட்டிருக்கலாம். அது எதுவும் நமக்குத் தெரியாது.

இந்தக் கேள்வியை எமோ உலகத்தைப் பார்த்துப் பலமாகக் கேட்டவர், இசை விமர்சகர் ஜெசிகா ஹாப்பர். 2003-ல் 'பங்க் பிளானெட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. எமோ பாடல்களில் வரும் பெண்கள் ஒன்று தேவதை, இல்லையென்றால் மனதை உடைத்துவிட்டுப் போனவர்கள். அவர்களுக்கென்று ஒரு பெயரோ, வாழ்க்கையோ இல்லை என்பது அவர் வாதம். மேடையில் பையன்கள், கீழே நின்று பார்ப்பவர்களில் ஏராளமான பெண்கள். ஆனால் பாட்டில் அவர்கள் தரப்பு இல்லை.

அந்தக் கட்டுரை எமோ இசை முழுவதையும் பற்றியது. ஆனால், அதைப் படித்துவிட்டு இந்த ஆல்பத்தைத் திரும்பக் கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது. போனின் ஒரு முனை மட்டும்தான் நமக்குக் கேட்கிறது என்பது புரிகிறது. பாடுபவன் பொய் சொல்லவில்லை. ஆனால், அவன் சொல்வது பாதிக் கதை. இதைத் தெரிந்துகொண்டே ரசிப்பதில் தப்பில்லை. காதலில் தூரத்தை அனுபவித்தவர்கள் பலரும் தாங்கள் போனவரா, காத்திருந்தவரா என்பதைப் பொறுத்து இந்த ஆல்பத்தை வேறு வேறு விதமாகத்தான் கேட்க முடியும்.

வீட்டை ஏங்கிய பாட்டு, வீட்டை விட்டு இன்னும் தூரமாகக் கொண்டுபோனது!

ஆல்பம் பிடித்துக்கொண்டது. ஆனால், அன்றைய சின்ன இசைக்குழுக்களுக்கு வெற்றி என்றால் என்ன தெரியுமா? இன்னும் அதிகமான ஊர்களுக்குப் போவது. ரேடியோவும் டி.வி-யும் பெரிதாகக் கைகொடுக்காத குழுக்களுக்கு வேன்தான் விளம்பரம். ஓர் ஊரில் வாசித்து, அங்கேயே சி.டி, டி-ஷர்ட் விற்று, அந்தக் காசில் பெட்ரோல் போட்டு அடுத்த ஊர். 'கிரீன் டே' போன்ற பெரிய குழுக்களோடு மேடையேறும் வாய்ப்பும் வந்தது. வீட்டை நினைத்து ஏங்கிய பாடல்கள் ஹிட்டானதால், அவர்கள் வீட்டில் இருக்கும் நாள்கள் இன்னும் குறைந்துபோயின.

அடமானத்தில் பிறந்த ஆல்பம் 'வேக்ரன்ட்' கம்பெனியையும் தூக்கி நிறுத்தியது. பிறகு 'சேவ்ஸ் தி டே', 'டேஷ்போர்டு கன்ஃபெஷனல்', 'அல்கலைன் ட்ரையோ' என்று எமோவின் முக்கியப் பெயர்கள் அங்கிருந்து வந்தன. உலகம் முழுக்கப் பிரபலமான 'ஃபால் அவுட் பாய்' குழுவின் பீட் வென்ட்ஸ், 'தி கெட் அப் கிட்ஸ்' இல்லையென்றால் தங்கள் குழுவே இருந்திருக்காது என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார்.

ஆனால், 'தி கெட் அப் கிட்ஸ்' அந்த அலையில் ஏறிக்கொள்ளவில்லை. 2002-ல் வந்த அடுத்த ஆல்பம் 'ஆன் எ ஒயர்' நிதானமான, மென்மையான இசைக்குத் திரும்பியது. பழைய வேகத்தை எதிர்பார்த்த ரசிகர்கள் பலர் ஏமாந்தார்கள். 2004-ல் 'கில்ட் ஷோ' வந்தது. அதற்குள் பிரையர் குடும்பஸ்தர், குழந்தைக்கு அப்பா. சுற்றுப்பயணமா, வீடா என்ற பழைய கேள்வி இப்போது காதலியோடு மட்டும் நிற்கவில்லை. 20 வயதில் பாட்டாக எழுதிய இழுபறி, குழுவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. 2005 ஜூலையில் குழு கலைந்தது. கடைசிக் கச்சேரி நடந்த இடம், சொந்த ஊரான கேன்சஸ் சிட்டி!

கதை அங்கே முடியவில்லை. 2008-ல் திரும்பச் சேர்ந்தார்கள். ஆல்பத்தின் பத்தாவது ஆண்டையொட்டி 2009-ல் சுற்றுப்பயணம் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜிம் சப்டிக், அன்றைய எமோ குழுக்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எங்களால் உருவானது என்றால் மன்னித்துவிடுங்கள் என்கிற தொனியில் ஒரு பேட்டியில் சொல்லி, ரசிகர்களைச் சிரிக்கவும் கோபப்படவும் வைத்தார். 2019-ல் 'ப்ராப்ளம்ஸ்' என்ற புது ஆல்பம் வந்தது. 2024-ல் 'சம்திங் டு ரைட் ஹோம் அபவுட்' 25 வயதைத் தொட்டபோது, மறுபதிப்பு வெளியானது. மொத்த ஆல்பத்தையும் வரிசையாக வாசித்து மீண்டும் ஊர் ஊராகப் போனார்கள்.

வேனில் கிளம்பிய பசங்களுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல். 'வீட்டுக்கு அருகில்' என்ற பாட்டை அவர்கள் இப்போது பாடும்போது, வீட்டில் காத்திருப்பது 20 வயதுக் காதலி அல்ல. ஆனாலும் பாட்டு பழசாகவில்லை. ஏனென்றால், தூரத்தின் அளவு மாறியிருக்கிறதே தவிர, தூரம் போகவில்லை. இன்றைக்கு முகம் பார்த்துப் பேசலாம். குரல் உடனே போய்ச் சேரும். அதற்காக, ஆள் பக்கத்தில் இருப்பதாக ஆகிவிடுமா? வேலைக்கோ படிப்புக்கோ வெளியூர் போய், வீடியோ காலை கட் செய்ததும் வரும் அந்த அமைதியைக் கேட்டவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை.

முதல்முறை கேட்கிறீர்களா?

ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க நேரமில்லையென்றால், மூன்று பாடல்கள் போதும். வேகம் பிடிக்குமென்றால் 'ஹாலிடே' பாட்டில் ஆரம்பியுங்கள். மெட்டு வேண்டுமென்றால் 'வேலன்டைன்'. மனசு கொஞ்சம் கனமாக இருக்கும் இரவென்றால் நேராக 'ஐல் கேட்ச் யூ'. வார்த்தைகள் உடனே புரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் குரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கேட்டு முடித்ததும் தூரத்தில் இருக்கும் யாரோ ஒருவருக்கு போன் செய்யத் தோன்றலாம். தோன்றினால் செய்துவிடுங்கள். நீங்கள் பேசியது போதும், அவர்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். இப்போதுதான் நிமிடத்துக்குக் காசு கிடையாதே!